கூரையும் வண்டியின் உறுதியும்

விரைவோட்ட மோட்டார் வண்டியொன்று விற்பனைக்கு வருமுன், அதன் முன்மாதிரி தெருவில் ஓட்டிப் பரீட்சிக்கப்படும். வடிவம் புலப்படாதவாறு கறுப்பு வெள்ளைக் கோலங்கள் கொண்ட ஒட்டுத்தாளால் அதன் மேனியை மறைப்பர். அதனைக் காண நேர்ந்தோர் பெரிதும் வாதிடுவது கூரை பற்றியே: அது மூடிய கூரையோ, மடிக்குங் கூரையோ? இவ்வாதம் அழகு பற்றியது மட்டுமன்று, உறுதி பற்றியதுமாம்.

நாற்புறமும் மேலும் மூடப்பட்ட பெட்டி எளிதில் முறுகாது. மேற்பலகையை நீக்கினால் முறுகும். வண்டியின் உருக்குக் கூடும் அத்தகையதே. ஆதலின் கூரையை நீக்குவோர் அடித்தளத்தையும் கதவுகளின் கீழுள்ள விளிம்புகளையும் வலுப்படுத்தல் வேண்டும். அதனாற் பாரம் மிகும். யாழ்ப்பாணத்தார் நன்கறிந்த மொறிஸ் மைனர் 1948 இல் மூடிய வண்டியாகவும் துணிக்கூரை வண்டியாகவும் வெளிவந்தது. பின்னதற்கு மேலதிக உருக்குத் தாங்கல்கள் தேவைப்பட்டன.

வண்டி கவிழுமாயின் தலைக்குக் காப்பு யாது என்பது அடுத்த வினா. ஜேர்மனியின் போர்ஷே நிறுவனம் 1965 இல் பிராங்பேர்ட் கண்காட்சியில் 'டார்கா' வகையைக் காட்டி இதற்கு விடை கூறிற்று. அதில் இருக்கைகளின் பின்னே அகன்ற வளைவொன்று நிலையாக நிற்கும்; அதன் முன்னுள்ள கூரைப் பகுதியைக் கழற்றலாம்.

புளியங்கூடல் முதலிய தீவகத்து ஊர்களில் உவர்க்காற்று உருக்கை விரைவில் அரிக்கும். திறந்த வண்டியின் வலிமை பெரும்பாலும் அடித்தளத்திலேயே தங்குதலின், அங்கு துருவேறின் வண்டி முழுவதும் தளரும். கூரையை அண்ணாந்து நோக்குவோர் குனிந்து அடித்தளத்தையும் நோக்குதல் நன்று.