ஆறுமணிக் குருவிக்கு மணி தெரிவது எப்படி?

காலை ஆறு மணிவாக்கில் புதருக்குள்ளிருந்து இரட்டை விசில் ஒன்று கேட்கும். மாலையிலும் அதே நேரம், அதே விசில். இதனால்தான் இந்தியப் பிட்டாவுக்குத் தமிழில் ஆறுமணிக் குருவி என்று பெயர்.

இது கூவக் காத்திருப்பது மங்கலான வெளிச்சத்துக்காக. இருட்டியதும் தானே எரியும் தெருவிளக்கைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் மணி பார்ப்பதில்லை. வானம் கருத்துக்கிடந்தால் பகலிலும் இது கூவுவதுண்டு. குளிர்காலத்தில் தமிழகத்திலும் இலங்கையிலும் விடியலும் அந்தியும் ஆறு மணியை ஒட்டியே வருவதால் கணக்கு பொருந்திப்போகிறது.

ஏன் கூவ வேண்டும்? அடர்ந்த புதருக்குள் ஒன்றையொன்று பார்க்க முடியாது, குரல்தான் அடையாளம். ஒன்று கூவினால் பக்கத்துப் பறவையும் பதில் தரும்.

ஆளைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம். மைனாவைவிடச் சிறியது, வால் கட்டை. பச்சை முதுகு, தோளில் நீலத் திட்டு, கண்ணோரம் தடித்த மைக்கோடு, வாலடியில் குங்குமச் சிவப்பு. இந்தியில் 'நவ்ரங்', அதாவது ஒன்பது நிறம். இவ்வளவு அலங்காரத்தோடு தரையில் தத்தித்தத்திச் சருகைப் புரட்டிப் புழு தேடும்!

மழைக்காலத்தில் இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டும். செப்டம்பர், அக்டோபரில் தெற்கே வரும், கோடையில் திரும்பும்.

வந்திறங்கும் நாட்களில் களைத்துப்போய் வீட்டுத் தோட்டங்களில் விழுவதுண்டு. கண்டால் காகம் கொத்தாமல் காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் அமைதியாக வைத்திருங்கள். தெளிந்ததும் புதரோரம் விட்டுவிடுங்கள்.