அயோவா இராஜ்யமும் அதன் விவசாயமும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மத்திய மேற்குப் பாகத்திலுள்ள அயோவா இராஜ்யம், கிழக்கே மிஸிஸிப்பி நதிக்கும் மேற்கே மிஸௌரி, பிக் ஸூ நதிகளுக்கும் இடைப்பட்டது. விஸ்தீரணம் சுமார் 56,000 சதுர மைல். 2020-ம் வருஷத்திய ஜனக்கணிதப்படி ஜனத்தொகை சுமார் 32 லக்ஷம். 1846-ம் வருஷத்தில் இது 29-வது இராஜ்யமாக ஐக்கிய நாட்டில் சேர்க்கப்பட்டது. தலைநகர் டி மாயின்.

வெள்ளையர் குடியேறுமுன் இப்பூமியின் பெரும்பாகம் ஆளுயரப் புல்வெளியாயிருந்தது. அப்புல்லின் வேர்கள் ஆயிரக்கணக்கான வருஷங்களாக மக்கியதனாலேயே அங்குள்ள கரிய மண் இத்தனை வளம் பெற்றது. வடபாகத்துச் சதுப்பு நிலங்களில் சுட்ட மண் குழாய்களைப் பூமிக்கடியிற் பதித்து, நீரை வடித்துச் சாகுபடிக்குக் கொண்டுவந்தார்கள். பூர்வகுடிகளான மெஸ்க்வாக்கி வகுப்பார் 1857-ல் தாங்களே விலைகொடுத்து நிலம் வாங்கினர். அவர்கள் சந்ததியார் இன்றும் அங்கு வசிக்கின்றனர்.

மக்காச்சோளமும் சோயா மொச்சையும் மாற்றி மாற்றிப் பயிரிடப்படுகின்றன. மக்காச்சோளம், பன்றி, கோழிமுட்டை ஆகிய மூன்றிலும் இவ்விராஜ்யமே அந்நாட்டில் முதன்மையானது. தானியத்தில் ஒரு பங்கு கால்நடைத் தீனிக்கும், பெரும்பங்கு மோட்டார் வண்டிகளுக்கான எத்தனால் செய்வதற்கும் உபயோகமாகிறது.

இப்போது சர்வகலாசாலையாக விளங்கும் ஏம்ஸ் நகரத்து விவசாயக் கலாசாலை 1858-ல் ஸ்தாபிக்கப்பட்டது. அதன் ஆசிரியர் ஹோல்டன் என்பவர் 1904-ல் ரயில் வண்டியில் ஊர் ஊராகச் சென்று, நல்ல விதை பொறுக்கும் முறையைக் குடியானவர்களுக்குப் போதித்தார். குட்டைக் கோதுமை வகைகளை உண்டாக்கிய நார்மன் போர்லாக் 1914-ல் இவ்விராஜ்யத்திற் பிறந்தவர். அவர் ஏற்படுத்திய உலக உணவுப் பரிசை 1987-ல் முதன்முதலாகப் பெற்றவர், கும்பகோணத்திற் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் ஆவார். 1854-ல் தொடங்கிய விவசாயக் கண்காட்சி இன்று ஆகஸ்டு மாதந்தோறும் பெருந்திருவிழாவாக நடைபெறுகிறது. அதில் வெண்ணெயினாற் செய்த பசுவின் உருவத்தைக் காண்பதற்கு ஜனங்கள் திரளாகக் கூடுகிறார்கள்.

ஆயினும் இச்செழிப்புக்கு நஷ்டமுமுண்டு. அறுவடைக்குப்பின் பயிரின்றிக் கிடக்கும் சரிவுகளில் மேல்மண் மழையில் அடித்துச் செல்லப்படுகிறது. உரத்திலுள்ள நைட்ரேட் உப்பு வடிகுழாய்களின் வழியே ஆறுகளிற் கலக்கிறது. அவ்வாற்று நீரைக் குடிக்கும் டி மாயின் நகரத்தார், அவ்வுப்பை நீக்குவதற்கென்றே 1992-ல் ஒரு யந்திரசாலையை அமைக்க நேர்ந்தது.

இதற்குப் பரிகாரமாக மேற்கண்ட கலாசாலையார் 2007 முதல் ஒரு பரீட்சை நடத்தினர். வயலில் பத்திலொரு பாகத்தில் பழைய நாட்டுப் புல்வகைகளைப் பட்டைபட்டையாக வளர்த்ததில், மண் அடித்துச் செல்லப்படுவது நூற்றுக்குச் சுமார் 95 பாகம் குறைந்தது. விளைவைப் பெருக்குவதுபோலவே மண்ணைக் காப்பதும் சாகுபடியின் ஒரு பாகமென்பதைச் சரிவான நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் கவனிப்பது நலம்.