கல்லில் உறைந்த ஓட்டம்

ஜெர்மனியின் பவேரியப் பகுதியில் கிடைத்த சுண்ணாம்புக் கற்பலகை ஒன்றில், ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த காம்ப்சோக்னாதஸ் என்னும் டைனோசர் பதிந்துள்ளது. 1859இல் வாக்னர் அதற்குப் பெயரிட்டார். டைனோசர் என்றதும் மலையொத்த உருவை எண்ணுவோர் வியப்பர். இதன் நீளம், வாலையும் சேர்த்து, ஒரு மீட்டருக்கும் குறைவே!

எலும்புகள் உட்குழிந்தவை, ஆதலின் எடை குறைவு. பின்கால்களில் தொடையெலும்பைவிடக் கணைக்காலெலும்பு நீளமானது. விரைந்தோடும் உயிர்களுக்குரிய அமைப்பு இது. முன்னோக்கிச் சாய்ந்த உடலுக்கு நீண்ட வால் எதிரெடையாய் அமைந்து, இடுப்பின்மேல் சமநிலை காத்தது.

விரைவுக்கான சான்று வயிற்றிலும் உண்டு. விலா எலும்புகளுக்கிடையே மற்றொரு சிற்றுயிரின் எலும்புகள் கிடந்தன. அதனைக் கருவிலிருந்த குட்டி என மார்ஷ் கருதினார். அஃது இரையாக விழுங்கப்பட்ட பல்லியினம் என்பதை 1903இல் நோப்சா தெளிவுபடுத்தினார். அப்பல்லியும் நெடுங்கால்களையுடைய ஓடியே. அதனைப் பிடித்த இவ்விலங்கிற்குக் கூரிய பார்வையும் விரைவும் இருந்திருத்தல் வேண்டும்.