ராஜினாமா கொடுத்த மறுநாள் சம்பளம் கூட்டினால்

பெருமாட்டி வண்டித்தாவளத்திலிருந்து கஞ்சிக்கோடு தொழிற்பேட்டைக்கு தினமும் போய்வரும் ஒருவருக்கு கோவையில் வேலை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ராஜினாமா கடிதம் கொடுக்கிறார். மறுநாளே மேலாளர் கூப்பிட்டு, "நாலாயிரம் கூட்டித் தர்றோம், இருந்துடுங்க" என்கிறார். இதைத்தான் கவுண்டர் ஆஃபர் என்கிறார்கள்.

கடிதம் எழுத வைத்தது எது என்று முதலில் யோசியுங்கள். ஓயாத நைட் ஷிஃப்டா, மேலதிகாரியின் ஏச்சா, வருடக்கணக்கில் அதே மெஷினா? இவற்றில் ஒன்றைக்கூட நாலாயிரம் ரூபாய் மாற்றாது. அப்படியானால் கிளம்பிவிடுவதே சரி.

பணம்தான் காரணம் என்றால் கணக்குப் போடலாம். போன வருடம் கேட்டபோது இல்லாத பணம் இப்போது எப்படி வந்தது? அடுத்த வருட உயர்வையே முன்கூட்டித் தருகிறார்களா என்று நேராகக் கேளுங்கள். 19,500 வாங்குபவருக்கு 23,500 ஆனால், இ.எஸ்.ஐ. வரம்பான 21,000 தாண்டிவிடும். நடப்பு அரையாண்டு வரை பிடித்தம் தொடரும்; அதையொட்டிய பலன் காலம் முடிந்ததும் குடும்பத்துக்கான மருத்துவ வசதி நின்றுவிடும். வயதான அப்பா அம்மா வீட்டில் இருந்தால் இது பெரிய இழப்பு. கோவைச் சம்பளத்துக்கும் இதே கணக்குதான்.

கிராஜுவிட்டியையும் பாருங்கள். நிரந்தர ஊழியருக்கு ஐந்து வருடம் முடிந்தால்தான் அந்த உரிமை. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,600 என்றால், வருடத்துக்கு 9,000 வீதம் 45,000 ரூபாய். நாலரை வருடம் முடித்தவர் புதிய இடத்தில் சேரும் தேதியைத் தள்ளிக் கேட்டுப் பார்க்கலாம்.

கொடுத்த கடிதத்தைத் திரும்பப் பெற முடியுமா? அலகாபாத் உயர்நீதிமன்ற நீதிபதி சதீஷ் சந்திரா, 1977 ஆகஸ்ட் 1 முதல் விலகுவதாக மே மாதம் எழுதி, ஜூலையில் அதைத் திரும்பப் பெற்றார். அது செல்லும் என்று 1978இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனியார் கம்பெனியில் உங்கள் நியமன ஆணையும் கம்பெனி விதியும் என்ன சொல்கின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள். தங்குவதானால், திரும்பப் பெறும் கடிதத்தை ஏற்றதாக எழுத்தில் வாங்குங்கள். புதிய சம்பளமும் அது எந்தத் தேதியிலிருந்து என்பதும் ஆணையாகக் கைக்கு வரட்டும். வாய்ச்சொல்லை நம்பி கோவை வேலையை விட்டுவிடாதீர்கள்.

ஆணை கைக்கு வந்த அன்றே கோவைக்குப் போன் செய்து, வரவில்லை என்று சொல்லிவிடுங்கள். அந்த இடத்துக்கு இன்னொருவர் காத்திருப்பார்.