புலி, குரங்கு, ஆறு கைச் சிவன்: மகனோடு ஆடி முடித்த ஒரு பழைய வீடியோ கேம்

டீட்டிகோனில் கடந்த குளிர்காலம் முழுவதும் எங்கள் வீட்டில் ஒரு பழைய பிளேஸ்டேசன் ஓடிக்கொண்டிருந்தது. பழைய பொருட்கள் விற்கும் புறொக்கியில் மகன் தன் கைக்காசில் வாங்கி வந்தது. கூடவே டூம் ரெய்டர் தொடரின் முதல் மூன்று பாகங்களும் இறுவட்டுகளாகக் கிடைத்தன.

வீடியோ கேம் என்றாலே எனக்கு ஒவ்வாது. துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஊரை விட்டு வந்தவர்கள், அதைக் காசு கொடுத்து வீட்டுக்குள் கொண்டுவருவதா என்பது என் கட்சி. ஆனால் பதின்மூன்று வயதுக்காரன் கதவைச் சாத்திக்கொண்டு ஆடுவதைவிட என் கண்முன்னால் ஆடட்டும் என்று ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். பங்குனி முடிவதற்குள் மூன்று பாகங்களையும் முடித்துவிட்டோம். இதே யோசனையில் இருக்கும் பெற்றோருக்கு உதவும் என்பதால், கண்டதை எழுதுகிறேன்.

முதற்பாகம் 1996இல் வந்தது. இங்கிலாந்தின் டார்பி நகரில் இருந்த கோர் டிசைன் என்ற நிறுவனம் செய்தது. லாரா குரொப்ட் என்ற பெண் பழைய கோவில்களுக்கும் குகைகளுக்கும் போய்ப் புதைபொருள் தேடுகிறாள். 1997இல் இரண்டாம் பாகமும் 1998இல் மூன்றாம் பாகமும் வந்தன.

இன்றைய பிள்ளைகள் முதல் நாளிலேயே இதை எறிந்துவிட்டுப் போவதற்குக் காரணம், லாராவை நடத்தும் முறை. இப்போதைய விளையாட்டுகளில் எந்தப் பக்கம் அழுத்துகிறோமோ அந்தப் பக்கம் ஆள் ஓடும். இவள் அப்படியில்லை. முதலில் நின்ற இடத்தில் திரும்பவேண்டும், பிறகுதான் முன்னால் போகலாம். வன்னியில் லாண்ட்மாஸ்ரர் ஓட்டியவர்களுக்கு இது விளங்கும். மகன் சுவரில் முட்டிக்கொண்டே இருந்தான். எனக்கோ, ஒருநாளும் கேம் ஆடாத எனக்கு, இது பெரிய கஷ்டமாகத் தெரியவில்லை.

அடுத்து விளங்கியது கட்டங்கள். அந்த உலகம் முழுவதும் ஒரே அளவான சதுரங்களால் கட்டப்பட்டது, எங்கள் கெந்தி விளையாட்டின் பெட்டிகளைப் போல. நின்ற இடத்திலிருந்து பாய்ந்தால் லாரா ஒரு கட்டம் தாண்டுவாள். ஓடிப் பாய்ந்தால் இரண்டு. ஓடிப் பாய்ந்து எட்டிப் பிடித்தால் மூன்று. விளிம்பில் நின்று ஒரு தடவை பின்னால் துள்ளினால், ஓடிப் பாயத் தேவையான தூரம் சரியாகக் கிடைக்கும். நடக்கும் பொத்தானை அழுத்திக்கொண்டு போனால் விளிம்பில் தானாக நிற்பாள், விழமாட்டாள். இதைப் பிடித்துக்கொண்டால் ஒவ்வொரு பள்ளமும் ஒரு கணக்கு. ஒருவர் ஆட, மற்றவர் பக்கத்திலிருந்து எண்ணலாம். நான் எண்ணுகிறவன் ஆனேன்.

சேமிப்பதும் அவ்வளவு லேசில்லை. முதற்பாகத்தில், பிளேஸ்டேசனில், குறித்த சில இடங்களில் உள்ள பளிங்குக் கற்களைத் தொட்டால்தான் சேமிக்கலாம். மூன்றாம் பாகத்தில் அந்தக் கற்களைப் பொறுக்கி வைத்துப் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கவேண்டும். எங்களிடம் முதலில் மெமரி கார்டே இருக்கவில்லை. இரண்டு மணித்தியால ஆட்டம் ஒரே பொத்தானோடு போனது. அன்றிரவு மகன் என்னோடு கதைக்கவில்லை.

எனக்குப் பிடித்தது அமைதி. முதற்பாகத்தில் பெரும்பாலும் காலடிச் சத்தம் மட்டும்தான், இசை எப்போதாவது வரும். சுடுவது பெரும்பாலும் ஓநாய், கரடி போன்றவற்றை. இரண்டாம் பாகம் வெனிசுக்குப் போனதும் மனிதர்களைச் சுடுவது கூடிவிடுகிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை. மகனிடம் சொன்னேன். "அப்பா, நீங்கள் குசினிக்குப் போங்கோ, நான் முடிச்சிட்டுக் கூப்பிடுறன்" என்றான். போனேன்.

தமக்கையோடு சுவிஸ் ஜெர்மனில் மட்டும் கதைக்கும் பெடியன், என்னோடு ஆடும்போது தமிழில் கதைக்க வேண்டியிருந்தது. "பின்னால் துள்ளு", "தொங்கு", "தவழ்ந்து போ", "அந்தத் திறப்பை எடு." திறப்பு என்ற சொல்லை அவன் தமிழ்ப் பள்ளியில் சாவி என்று படித்திருந்தான்.

மூன்றாம் பாகம் இந்தியாவில் தொடங்குகிறது. காட்டில் புலிகள். கீழே கிடக்கும் பொருளைத் தூக்கிக்கொண்டு ஓடும் குரங்குகள். கதிர்காமம் போனவர்களுக்குச் சிரிப்பு வரும். அடுத்த கட்டம் ஒரு பாழடைந்த கோவில். அங்கே ஆறு கைகளில் வாள் பிடித்த சிலை உயிர்பெற்று வெட்ட வருகிறது. விளையாட்டில் அதன் பெயர் சிவா. சுட்டால்தான் மேலே போகலாம்.

மகன் விளையாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பினான். "அப்பா, இது எங்கட சாமிதானே? ஏன் சுடவேணும்?"

எங்கள் வீட்டுச் சாமித்தட்டில் நடராசர் இருக்கிறார். எழும்பிப் போய் எடுத்து வந்து காட்டினேன். நான்கு கை. ஒன்றில் உடுக்கு, ஒன்றில் தீ, ஒன்று அஞ்சாதே என்கிறது, ஒன்று தூக்கிய திருவடியைக் காட்டுகிறது. வாள் எதிலும் இல்லை. டார்பியில் இருந்து இதைச் செய்தவர்களுக்குச் சிவன் ஒரு பூச்சாண்டி, அவ்வளவுதான். இந்த விளக்கத்தை அவனுக்கு ஒருநாளும் நான் தானாகக் கொடுத்திருக்கமாட்டேன். அவன் கேட்டிருக்கவும் மாட்டான்.

இதே மூன்று பாகங்களும் 2024 மாசியில் புதுப்பித்து வெளியிடப்பட்டன. அதில் தொடக்கத்திலேயே ஓர் அறிவிப்பு வருகிறது: சில இனங்களையும் பண்பாடுகளையும் தப்பெண்ணத்தோடு காட்டியிருப்பது பிழை, ஆனாலும் நீக்காமல் அப்படியே விட்டிருக்கிறோம் என்ற பொருளில். நீக்காதது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த அறிவிப்பில் நடராசரின் நான்கு கைகள் இல்லை. அதற்கு வீட்டில் ஓர் ஆள் பக்கத்தில் இருக்கவேண்டும்.

வயது பற்றியும் சொல்லவேண்டும். திரைப்படங்களிலும் வீடியோ கேம்களிலும் இளையோரைப் பாதுகாக்கும் கூட்டாட்சிச் சட்டம் சுவிஸில் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. பெட்டியில் 3, 7, 12, 16, 18 என்று இருக்கும் பெகி இலக்கத்தைப் பாருங்கள். ஆனால் பெகி 2003இல்தான் தொடங்கியது. புறொக்கியில் கிடைக்கும் அதற்கு முந்தைய பெட்டிகளில் அந்த இலக்கத்தை எதிர்பார்க்க முடியாது. முதல் அரைமணித்தியாலம் நீங்களே இருந்து பாருங்கள்.

மூன்றாம் பாகம் அண்டார்டிக்காவில் முடிந்தது. நான்காவது 1999இல் வந்தது, எகிப்தில் நடக்கிறதாம். இறுவட்டு இன்னும் கிடைக்கவில்லை. சனிக்கிழமைகளில் இருவருமாகப் புறொக்கிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம்.