மலைவாழ் குறளர்: தொன்மமும் ஆட்டவிதியும்

மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தராக நின்று பேசி, ஐயப்பாடான செயல்களின் முடிவைப் பகடையால் துணிந்து, ஒரு கதையைக் கூடிப் படைக்கும் ஆட்டவகை ஒன்று மேலைநாடுகளில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக வழங்கி வருகின்றது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவர் இயற்றிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகையுள் முதன்முதல் விற்பனைக்கு வந்ததாகும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் ஊரிலிருந்து 1974-இல் அது மூன்று சிறுநூல்களாக வெளிவந்தது. ஆடுவோர் தாம் ஏற்கும் மாந்தர்க்கு ஓர் இனத்தைத் தேர்ந்துகொள்வர். அவ்வினங்களுள் தொடக்கம் முதலே இடம்பெற்றது, மலைக்குடைவுகளில் வாழும் உரம் மிக்க குற்றுருவினர் இனமாகும். 'குறள்' என்னும் பழஞ்சொல் குற்றுருவினரைக் குறித்தலின், அவ்வினத்தைக் 'குறளர்' என்றே ஈண்டு வழங்குவாம். இது கற்பனை இனமே. உயரம் குறைந்த மக்களைச் சுட்டுவதன்று. பாட்டிலும் கதையிலும் வாழ்ந்த ஓரினம் விதியாக மாறுங்கால் அதன் இயல்பு யாதாகின்றது என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகும் பொருள்.

குறளரின் வேர் வடஐரோப்பியத் தொன்மங்களில் உள்ளது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் எழுதிவைக்கப்பெற்ற 'எட்டா' என்னும் பாடற்றொகையும், 1220-ஐ ஒட்டி ஸ்னோரி ஸ்டுர்லுசன் இயற்றிய உரைநடை 'எட்டா'வும் இவர்களைப் பற்றிய சிறந்த சான்றுகள். அவற்றுள் இவர்கள் கல்லிலும் மண்ணிலும் உறைவோர். திசைகளின் பெயர் பூண்ட நால்வர் வானத்தைத் தாங்கி நிற்பர். தோர் என்னும் இடிக்கடவுளின் சம்மட்டியும் ஓடின் என்னும் கடவுளின் ஈட்டியும் இவர்தம் கைவினையால் அமைந்தவை. ஆயின், இவர்தம் உருவச் சிறுமையை அந்நூல்கள் பெரிதாக எடுத்துரைப்பதில்லை. பழந்தொன்மத்தில் இவர்களை இனங்காட்டுவது உடலன்று, தொழிலே என்க.

இத்தொன்மத்தைப் புதினமாக்கியவர் ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் ஜே. ஆர். ஆர். டோல்கீன். 1937-இல் வெளிவந்த 'தி ஹாபிட்' என்னும் நூலில் வரும் தோரின் முதலிய பெயர்கள் பலவற்றை அவர் 'எட்டா'வின் பெயர்ப்பட்டியலிலிருந்தே எடுத்தாண்டார். பெயரோடு நில்லாது, அவ்வினத்திற்கு ஒரு வரலாற்றையும் தந்தார். பறக்கும் நாகம் ஒன்றிற்குத் தம் மலையை இழந்து, பிறர் நாடுகளில் தொழில் செய்து பிழைத்து, இழந்ததை மறவாது வாழும் மக்களாக அவர்கள் உருப்பெற்றனர். 1955-இல் எழுதிய கடிதம் ஒன்றில் டோல்கீன் இவர்கள் நிலையை யூத மக்களின் நிலையோடு ஒப்பிட்டார். வாழும் இடத்திற்கு உரியவராகவும் அயலவராகவும் ஒருங்கே இருத்தல், ஊர்மொழியைத் தம் மொழியின் ஒலிச்சாயலோடு பேசுதல் என்பன ஒப்புமைக் கூறுகள். ஈண்டு ஓர் இடர்ப்பாடு உளது. அக்கதைகளில் குறளர் பொன்னாசை மிக்கவராகவும் காட்டப்பெறுகின்றனர். உண்மை மக்களோடு ஒப்பிடப்பெற்ற ஓரினத்திற்கு ஆசையைப் பிறவிக்குணமாக்கினால், அம்மக்கள்மீது நெடுங்காலம் சுமத்தப்பட்ட பழியும் உடன் வந்து சேரும்.

இனி விதிக்கு வருவாம். 1974-ஆம் ஆண்டு நூல்களின்படி குறளர் போர்வீரராக மட்டுமே ஆகலாம்; அதிலும் ஆறாம் படிநிலைக்கு மேல் உயர்தல் இயலாது. மந்திரத்தை எதிர்த்து நிற்கும் ஆற்றல் அவர்க்கு மிகுதி. இவ்வெதிர்ப்பாற்றல், மந்திர மோதிரங்களுக்கு முற்றும் அடிமையாகாதவர் எனக் குறளரைக் காட்டும் டோல்கீனின் கதையோடு ஒத்துள்ளது. தொன்மத்தோடு நோக்கின் நிலைமை தலைகீழாகும். கடவுளர்க்கு மந்திரப் படைக்கலம் வடித்துத் தந்தவர்கள் விதிநூலில் மந்திரம் பயிலவே இயலாதவர் ஆயினர்.

1978-இல் வந்த விரிவுநூல் பிறப்பை எண்ணாகவே மாற்றிற்று. மாந்தர் ஒவ்வொருவர்க்கும் வலிமை, உடலுரம், அறிவு முதலிய ஆறு ஆற்றல்கள் 3 முதல் 18 வரையான எண்களால் அளவிடப்பெறும். குறளராயின் உடலுரத்தில் ஒன்று கூடும். பிறரை ஈர்க்கும் ஆற்றலில் ஒன்று குறையும். 1981-இல் வந்த தொடக்கநிலை நூலில் 'குறளர்' என்பதே ஒரு தொழிற்பிரிவாயிற்று. இனமும் தொழிலும் வேறுபாடின்றி ஒன்றாயின. 2000-ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பு எல்லாத் தொழில்களையும் எல்லா இனத்தார்க்கும் திறந்துவிட்டது. குறளர் மந்திரம் கற்கவும் வழி பிறந்தது. ஆயினும் கூட்டலும் கழித்தலும் நீங்கவில்லை.

சிறிய எண் ஒன்றால் நேர்வது யாது? உடலுரம் கூடுதலாக உள்ளவர் போருக்கு ஏற்றவராதலின், ஆடுவோர் குறளர்க்குப் போர்த்தொழிலையே மீண்டும் மீண்டும் தேர்வர். விதி எதனையும் தடுக்காது. ஒரு பக்கம் சாய்க்கும். அச்சாய்வு பலமுறை நிகழ்ந்தபின், 'குறளர் இயல்பே அது' என்னும் எண்ணம் நிலைபெறும். வழக்கம் இயல்பாகத் தோன்றுவது இவ்வாறே.

இதனை உணர்ந்தே பின்வந்த பதிப்பாசிரியர்கள் விதியைத் தளர்த்தினர் எனலாம். 2014-ஆம் ஆண்டு நூலில் குறளர் அனைவர்க்கும் உடலுரத்தில் இரண்டும், மலைக்குறளர்க்கு மேலும் வலிமையில் இரண்டும் கூடின. 2020-இல் வந்த துணைநூல் ஒன்று, அக்கூட்டல்களை விரும்பிய ஆற்றலுக்கு மாற்றிக்கொள்ள இசைந்தது. 2024-ஆம் ஆண்டுப் பதிப்பு அவற்றைப் பிறப்பிலிருந்தே பிரித்து, மாந்தர் வளர்ந்த சூழலுக்கும் பயின்ற தொழிலுக்கும் உரியவாக்கிற்று. நஞ்சைத் தாங்கும் உடலும், இருளில் காணும் கண்ணும், கல்லின் அதிர்வால் அறியும் உணர்வும் முதலியனவே பிறப்பின்வழி எஞ்சின. மலைக்குறளர், குன்றுக்குறளர் என்னும் உட்பிரிவும் மறைந்தது.

அப்பதிப்பில் பெயரும் மாறிற்று. மக்களினத்தைச் சுட்டும் 'ரேஸ்' என்னும் சொல் நீக்கப்பெற்று, உயிரினவகையைச் சுட்டும் 'ஸ்பீசீஸ்' என்னும் சொல் இடம்பெற்றது. உண்மை மக்களின் நினைவை அகற்றியது நன்றே. ஆனால் புதுச்சொல் பழஞ்சொல்லினும் பிறப்பையே ஆழமாகச் சுட்டுவது. விதி பிறப்பிலிருந்து விலகிச் செல்ல, சொல் பிறப்பை நோக்கிச் செல்கின்றது. இம்முரண் இன்னும் தீர்ந்திலது.

இதுகாறும் கூறியவற்றால் ஒன்று பெறப்படும். உடலின் திறம் எண்ணில் அடங்கும். ஒரு மக்களின் குணம் எண்ணில் அடங்காது. தொன்மத்தில் தொழிலாலும், புதினத்தில் இழந்த மலையின் நினைவாலும் குறளர் குணம் பெற்றனர். ஆட்டத்தில் அதனை அவர்க்குத் தரவேண்டியவர், அம்மாந்தராக நின்று பேசுவோரே ஆவர்.