பேர் மூன்று, ஆள் நான்கு!

'ட்ரையோ சொனாட்டா'... மேற்கத்திய செவ்வியல் இசையில் ஒரு வகை. ட்ரையோ என்றால் மூன்று. ஆனால், வாசிக்க உட்காருவதோ பெரும்பாலும் நான்கு பேர்!

1681-ல் ரோமில் வெளியான கொரெல்லியின் முதல் தொகுப்பே நான்கு புத்தகங்களாகத்தான் வந்தது. வயலின்காரர்கள் இருவருக்கு ஒவ்வொன்று, தாழ்ந்த ஸ்தாயி வாத்தியத்துக்கு ஒன்று, அதே தாழ்ந்த குரலை ஒட்டிப்போகும் ஆர்கனுக்கு ஒன்று.

சுவாரஸ்யமே ஆர்கன்காரரின் புத்தகம்தான். அதில் இடது கைக்கு மட்டுமே ஸ்வரங்கள். கூடவே 6, 7 என்று சில எண்கள். அவற்றைப் பார்த்து வலது கைக்கு என்ன வாசிப்பது என்பதை அவரே அந்த நொடியில் முடிவுசெய்வார்.

இன்றைய பதிப்புகள் பலவற்றில் வலது கைக்கும் சேர்த்து அச்சிட்டுவிடுகிறார்கள். அது பதிப்பாசிரியரின் கைவண்ணம், கொரெல்லி எழுதியதல்ல. பிடிக்கவில்லையா, தாராளமாக மாற்றி வாசிக்கலாம். அதனால் வாங்கும்போது, அந்த எண்களும் அச்சாகியிருக்கின்றனவா என்று பாருங்கள்.